தாதியர் தேகமும் இராவேலையும்

இரவு ஒன்பது மணியளவில் பினாங்குப் பொது வைத்தியசாலையின் வாயிலருகே சிறிது நேரம் நின்று பார்த்த நேயர்கள் ஒரு காட்சியை அறிவார்கள். நோயாளிகளைக் காண வந்தோரெல்லாம் வெளியேறிய பின்னர், சோற்றுப் பாத்திரப் பையைக் கையிலேந்திய பெண்மக்கள் சிலர் உள்ளே செல்வர். அவர்கள் திரும்ப வெளிவருவது மறுநாட் காலை ஏழு மணிக்கு. தோட்டத்திலும் பட்டணத்திலும் நம்மவர் "மிஸி" என்றழைக்கும் தாதியர் இவர்களே. பகலெல்லாம் உழைத்தவனின் களைப்பை உலகம் மதிக்கிறது. இரவெல்லாம் விழித்தவளின் களைப்பை மதிக்கும் வழக்கமோ நம்மிடை இன்னும் வேரூன்றவில்லை. அஃது ஏன் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

நாம் ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற காலத்தில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் படம் பாடப் புத்தகத்தில் இருந்தது. 1854-இல் ஸ்கூட்டாரி வைத்தியசாலைக்குச் சென்று, நள்ளிரவில் விளக்கேந்திப் போர்வீரரின் படுக்கைதோறும் நடந்த மாதரசி என்று ஆசிரியர் புகழ்ந்துரைத்தார். அவ்வம்மையார் 1855-இல் கடுங்காய்ச்சலில் வீழ்ந்ததையும், தாய்நாடு திரும்பிய பின் பல்லாண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே நோயாளியாய்க் கிடந்ததையும் எவரும் நமக்குச் சொல்லவில்லை. அந்நோய் தொற்றினால் வந்தது, விழிப்பினால் வந்ததன்று. எனினும், விளக்கை மட்டும் காட்டி, அதை ஏந்திய தேகத்தை மறைக்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது. 1859-இல் அவர் எழுதிய தாதிமை நூலில், உறங்கும் நோயாளியை எழுப்பலாகாது என்பது ஒரு முதன்மையான விதி. நோயாளியின் நித்திரையைக் காப்பது தாதியின் கடமை, சரி. தாதியின் நித்திரையைக் காப்பது யாருடைய கடமை?

1860-இல் இலண்டன் செயின்ட் தாமஸ் வைத்தியசாலையில் தாதியர் பள்ளி தோன்றியது. 1871-இல் சென்னைப் பொது வைத்தியசாலையில் அத்தகைய பயிற்சி தொடங்கிற்று. பினாங்கிலோ முறையான பயிற்சிப் பள்ளி ஏற்பட 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் யுத்தம் ஒன்று வந்து போயிற்று. 1941 டிசம்பர் 11-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுனைக் குண்டுவீசித் தாக்கின. தெருக்களில் வேடிக்கை பார்க்க நின்ற மக்கள் திரள் திரளாக மாண்டனர். காயமுற்றோரால் வைத்தியசாலை நிரம்பி வழிந்தது. சில நாட்களுக்குள் வெள்ளையர் தீவைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 19-ஆம் நாள் ஜப்பானியர் நகருள் புகுந்தனர். இடைப்பட்ட இரவுகளில் காயம்பட்டோரின் அருகே எஞ்சி நின்றோர் பெரும்பாலும் இந்நாட்டில் பிறந்து வளர்ந்த சிப்பந்திகளே. அவர்களுள் எத்தனை பேரின் பெயரை நம் பிள்ளைகள் அறிவார்கள்?

நிற்க. இராவேலை பெண்ணின் தேகத்தைக் கெடுக்கும் என்று உலகம் அறியாமலிருந்ததோ எனில், இல்லை. 1906-இல் பெர்ன் நகரிற் கூடிய ஐரோப்பிய அரசுகள், ஆலைகளில் மாதர் இரவில் வேலை செய்தலைத் தடுக்க உடன்படிக்கை செய்தன. 1919-இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் தன் முதற் கூட்டத்திலேயே அதே விஷயத்தை எடுத்துக்கொண்டது. 1948-இல் அவ்வொப்பந்தம் திருத்தப்பெற்றபோதோ, சுகாதாரப் பணியிலிருக்கும் மாதர்க்கு, அவர் வழக்கமாகக் கையுழைப்பு வேலை செய்யாதவராயின், இத்தடை பொருந்தாது என்று ஒரு விதி சேர்க்கப்பட்டது. கையுழைப்பு இல்லையாம்! நினைவிழந்து கிடக்கும் ஆளைப் படுக்கையிற் புரட்டிப் படுக்கவைப்பதும், தள்ளுகட்டிலை நீண்ட தாழ்வாரம் முழுதும் உருட்டிச் செல்வதும், இரவில் பன்முறை மலசலக் கலங்களை எடுத்துக் கழுவுவதும் கையுழைப்பு இல்லையெனில், பால்மரம் சீவுவதும் கையுழைப்பு அன்று.

நம் நாட்டிலும் கதை இதுவே. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், ஆலைகளிலும் விவசாயத் தொழில்களிலும் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை பெண்களை வேலை வாங்கலாகாதென்றது. அதிகாரிகள் விலக்கு அளிக்கலாம் என்றும் இடம் வைத்தது. 1970-களில் பாயான் லெப்பாஸில் மின்னணு ஆலைகள் எழுந்தபோது, நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் இராமுறைக்குச் சென்றது அவ்விலக்கின் பெயரால். 2023-இல் அத்தடையே நீங்கிற்று. தாதியரோ தடையிலும் இருந்ததில்லை, விலக்கிலும் இருந்ததில்லை. அவர்கள் செய்வதற்குத் தொண்டு என்று பெயர். தொண்டுக்கு மணிக்கணக்கு பார்ப்பது அநாகரிகம் என்று நாமே சொல்லி வந்தோம்.

தேகம் மட்டும் கணக்குப் பார்க்கத் தவறவில்லை. 1938-இல் கிளைட்மன் என்னும் அமெரிக்கப் பேராசிரியரும் அவர் மாணவர் ஒருவரும் கென்டக்கி நாட்டுக் குகையொன்றில் 32 நாள் தங்கி, ஒரு நாளை 28 மணியாக்கி வாழ முயன்றனர். இளைஞரான மாணவரின் உடம்பு இணங்கியது. நாற்பதைக் கடந்த ஆசிரியரின் உடம்பு கடைசி வரை இணங்கவில்லை. சூரியன் புகாத இடத்திலும் உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறதென்பது அதனால் விளங்கிற்று. கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடியிலுள்ள சிறு அணுத்திரளே அக்கடிகாரம் என்று 1972-இல் கண்டனர். பின்னிரவில் உடற்சூடு தாழும், கவனம் தளரும், மருந்தின் அளவைப் பிழையின்றி அளக்க வேண்டிய வேளையும் அதுவே. 2001-இல் அமெரிக்கத் தாதியரை நெடுங்காலம் தொடர்ந்து ஆராய்ந்தோர், 30 ஆண்டும் அதற்கு மேலும் மாறிமாறி இராமுறை பார்த்தவரிடத்து மார்பகப் புற்றுநோய் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மிகுதியெனக் கண்டனர். பிந்திய ஆராய்ச்சிகள் யாவும் ஒத்துப்போகவில்லை. எனினும், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2007-இலும் 2019-இலும் இராவேலையைப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியவற்றின் வரிசையிலேயே வைத்தது.

"நாங்களும் நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போகிறவர்கள்தாமே" என்று தோட்டத்துத் தோழர் கேட்கலாம். அவர் எட்டு மணிக்கே படுக்கிறார், ஆண்டு முழுவதும் அதே வேளையில் எழுகிறார், உடம்பு பழகிவிடுகிறது. தாதிக்கு இவ்வாரம் காலை, அடுத்த வாரம் இரவு. பழகத் தொடங்கும்போதே முறை மாறிவிடும்.

நம் சிற்றன்னையார் ஒருவர் தாதியாயிருந்தார். பகலில் சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிப் படுப்பார். தகரக் கூரையின் வெப்பம் ஒருபுறம், கோயில் ஒலிபெருக்கி ஒருபுறம். பதினொரு மணிக்குக் கடிதம் படித்துக் காட்டச் சொல்லிக் கதவைத் தட்டும் உறவினர் மற்றொருபுறம். நாமும் தட்டியிருக்கிறோம். சோம்பேறி என்று நகைத்துமிருக்கிறோம். அவர் தாமே கண்டறிந்த உபாயங்கள் பல இன்று மருத்துவர் கூறுவனவே: இராமுறைக்கு முன் பிற்பகலில் ஒரு துயில், காப்பியை நள்ளிரவுக்கு முன் நிறுத்துதல், நாசி கண்டார் போன்ற கனத்த உணவை விடுத்து இலேசாக உண்ணுதல், காலையில் வீடு திரும்புகையில் கறுப்புக் கண்ணாடி. கண் சொருகும் நாளில் மோட்டார் சைக்கிளைத் தொடமாட்டார், பஸ்ஸில் வருவார்.

ஆனால் இவை தாதியின் கையிலுள்ளவை. தொடர்ந்து எத்தனை இரவு, முறை காலையிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து இரவுக்குமாக முன்னோக்கி மாறுகிறதா, நடுவே இருபது நிமிஷம் கண்ணயர இடமுண்டா என்பவை அவள் கையிலில்லை. 1977-இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் தாதியர்க்கெனத் தனியாக வெளியிட்ட பரிந்துரை, ஒரு முறைக்கும் மறு முறைக்கும் இடையே 12 மணி ஓய்வு வேண்டுமென்றது. 2024-இல் நம் அரசாங்கத் தாதியரின் வார வேலைநேரத்தை 42 மணியிலிருந்து 45 மணியாக உயர்த்தும் ஏற்பாடு வெளிவந்தபோது, தாதியர் எதிர்த்தனர், அஃது ஒத்திவைக்கப்பட்டது. மூன்று மணிதானே என்று நம் நண்பர் ஒருவர் சொன்னார். தோட்டத்துக் கிராணியாகிய நமக்குப் பேரேட்டுப் பழக்கம் விடுவதில்லை: விடுப்பைக் கழிக்காமற் பார்த்தால், வாரம் 3 மணி, ஆண்டுக்கு 156 மணி, பத்து மணி கொண்ட இரவுகளாக எண்ணினால் பதினைந்துக்கு மேல்.