நேத்து வந்த தக்காளியும் ஆயிரம் வருஷத்துப் பொய்யும்

போன ஞாயித்துக்கிழமை மதியம். வெயில்னா அப்படி ஒரு வெயில். அடுப்படிப் பக்கம் போக யாருக்கும் மனசில்லை. தங்கமணி சோபாவை விட்டு எழுந்திரிக்கிற மாதிரி தெரியலை. "இன்னிக்கு நான் பாத்துக்கறேன்"னு வீரமா சொல்லிட்டு நானே களத்துல இறங்கினேன். பாஸ்தாவை மட்டும் வேக வெச்சு, வேக வைக்காத தக்காளி, பேசில் இலை, பூண்டு, ஆலிவ் எண்ணெய் எல்லாம் போட்டுக் கிளறி, ஆற விட்டு மேஜைக்குக் கொண்டு வந்தாச்சு.

அத்தோட சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குதா? "இத்தாலிக்காரங்க ஆயிரம் வருஷமா வெயில் காலத்துல இதைத்தான் சாப்பிடறாங்க"ன்னு எடுத்து விட்டேன். ஏழாவது படிக்கிற மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, கொலம்பஸ் போனதே 1492ல. தக்காளி அமெரிக்காலேர்ந்து வந்ததுன்னு எங்க புக்குல இருக்கு. அப்புறம் எப்படி ஆயிரம் வருஷம்?"

தங்கமணி சிரிச்ச சிரிப்பு இருக்கே, அதை இங்க எழுத முடியாது. சொந்தச் செலவுல சூனியம்னா இதுதான். அன்னிக்கு ராத்திரியே உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதுல மகள் சொன்னதை விடவும் நான் தப்புன்னு தெரிஞ்சுது. அதான் இந்தப் பதிவு.

முதல்ல பாஸ்தா

தக்காளிக்கு மூத்தவர் இவர். பாஸ்தாவை மார்க்கோ போலோ சீனாவுலேர்ந்து கொண்டு வந்தாருன்னு நாம எல்லாரும் எங்கேயோ கேட்டிருப்போம். அது கதை. மார்க்கோ போலோ வெனிஸுக்குத் திரும்பினது 1295ல. அதுக்கு 16 வருஷம் முன்னாடியே, 1279ல, ஜெனோவா ஊர்ல ஒருத்தரோட சொத்துக்களை நோட்டரி எழுதி வெச்ச பட்டியல்ல ஒரு பெட்டி நிறைய மக்ரோனி இருந்ததா பதிவாகி இருக்கு. சொத்துப் பட்டியல்ல சேர்க்கிற அளவுக்கு மதிப்பு, பாத்துக்கோங்க!

அதுக்கும் முன்னாடி 1154ல அல்-இத்ரீசிங்கிற அரபுப் புவியியல் அறிஞர், சிசிலியை ஆண்ட நார்மன் ராஜா இரண்டாம் ரோஜருக்காக ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதுல பலெர்மோவுக்குப் பக்கத்துல இருக்கிற திராபியாங்கிற ஊரைப் பத்திச் சொல்றப்ப, அங்க 'இத்ரியா'ன்னு ஒரு மாவுப் பண்டம் நிறையச் செஞ்சு, கப்பல் கப்பலா கலாப்ரியாவுக்கும் முஸ்லிம், கிறிஸ்தவ நாடுகளுக்கும் அனுப்பறாங்கன்னு எழுதி இருக்கார். நம்ம சேமியா மாதிரி காய வெச்ச பண்டம். தென் இத்தாலியில இன்னிக்கும் 'த்ரியா'ன்னு ஒரு வகை பாஸ்தாவுக்குப் பேர் இருக்கு. அரபுச் சொல் தேய்ஞ்சு அங்கேயே தங்கிடுச்சு.

ஆக பாஸ்தாவுக்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷம்னு சொன்னா ஒத்துக்கலாம். ஆனா அந்த பாஸ்தாவுல தக்காளி கிடையாது. சீஸ் துருவிப் போட்டுச் சாப்பிட்டாங்க. பணக்காரங்க வீட்டுல சர்க்கரையும் லவங்கப்பட்டையும் தூவினாங்க. (நம்ம பாயசத்தைப் பார்த்து இத்தாலிக்காரங்க முகம் சுளிக்க உரிமை இல்லைன்னு இதால் அறியப்படுகிறது.)

அப்புறம் வந்த தக்காளி

தக்காளியோட காட்டு உறவுக்காரங்க தென் அமெரிக்காவோட மேற்குப் பக்கம், ஆண்டீஸ் மலையை ஒட்டி இருக்கிற செடிகள். அதைத் தோட்டத்துப் பயிரா வளர்த்து எடுத்தது மெக்சிகோ பக்கத்து மக்கள். 'டொமாட்டோ'ங்கிற பேரே அவங்களோட நாவாட்டில் மொழியிலேர்ந்து வந்ததுதான். 1521ல ஸ்பெயின்காரங்க அஸ்டெக் தலைநகரைப் பிடிச்சதுக்கு அப்புறம் தக்காளி கப்பலேறி ஐரோப்பா வந்தது.

1544ல மத்தியோலிங்கிற இத்தாலிய வைத்தியர் இதைப் பத்தி எழுதறார். கத்தரிக்காய்க்குச் சொந்தம்னு சரியாவே கண்டுபிடிச்சு, கத்தரிக்காய் மாதிரியே எண்ணெய், உப்பு, மிளகு போட்டுச் சாப்பிடறாங்கன்னும் சொல்றார். 1548ல ஃப்ளாரன்ஸ் பிரபு கோசிமோ டி மெடிசி வீட்டுக்கு அவங்க பண்ணையிலேர்ந்து ஒரு கூடைத் தக்காளி வந்து சேர்ந்தது. பத்திரமா வந்து சேர்ந்ததுன்னு மேலாளர் எழுதின கடிதமும் இருக்கு. பேரு 'பொமோதோரோ', அதாவது தங்க ஆப்பிள்.

பேரு தங்கம், ஆனா மரியாதை பித்தளைதான். சுமார் 150 வருஷம் இதைப் பெரிய மனுஷங்க தோட்டத்துல அழகுக்கு வளர்த்தாங்க. அன்னிக்கு வைத்தியக் கணக்குப்படி சாப்பாட்டுக்குச் சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சின்னு குணம் உண்டு. நம்ம பாட்டிங்க சொல்ற 'பப்பாளி சூடு, வெள்ளரி குளிர்ச்சி' மாதிரியே. தக்காளி குளிர்ச்சியும் ஈரமும் அதிகம், செரிக்காது, உடம்புக்கு ஆகாதுன்னு ஓரமா வெச்சுட்டாங்க.

சமையல் புத்தகத்துல தக்காளி ஏறினது 1692ல, நேப்பிள்ஸ்ல. அந்தோனியோ லத்தினிங்கிற சமையல் மேற்பார்வையாளர் 'ஸ்பெயின் பாணி' தக்காளி சாஸ் ஒண்ணு எழுதி இருக்கார். தக்காளியைத் தணல்ல சுட்டு, தோல் உரிச்சு, பொடிசா நறுக்கி, வெங்காயம், மிளகாய், எண்ணெய், வினிகர் சேர்க்கணுமாம். படிச்சதும் எனக்கு சுட்ட தக்காளிச் சட்னிதான் ஞாபகம் வந்துச்சு. ஆனா அவர் அதைத் தொட்டுக்கச் சொன்னது வேக வெச்ச இறைச்சிக்கு. பாஸ்தாவுக்கு இல்லை.

ரெண்டு பேரும் சந்திச்சது எப்போ?

நேப்பிள்ஸ் மக்களை ஒரு காலத்துல 'இலை தின்னிகள்'னு கேலி பண்ணுவாங்க. முட்டைக்கோஸும் கீரையும்தான் ஏழைங்க சாப்பாடு. 17ம் நூற்றாண்டுல ஊர்ல கூட்டம் பெருகிப் போச்சு, இறைச்சி எட்டாக்கனி ஆச்சு. அதே சமயம் மாவு பிசையறதுக்கும் பிழியறதுக்கும் நல்ல எந்திரங்கள் வந்து பாஸ்தா விலை இறங்கிச்சு. 'இலை தின்னிகள்' பேரு 'மக்ரோனி தின்னிகள்'னு மாறினது. தெருவுல அண்டா வெச்சு வேக வெச்சு வித்தாங்க. ஜனங்க கையாலேயே தூக்கி, அண்ணாந்து வாயில விட்டுக்கிட்டாங்க. 1787ல அங்க போன ஜெர்மன் கவிஞர் கதே இந்த மக்ரோனியைப் பத்தி எழுதி இருக்கார். துருவின சீஸ்தான் மேல போட்டாங்களாம். அப்பக் கூட தக்காளி இல்லை!

1790ல பிரான்செஸ்கோ லியோனார்தி எழுதின சமையல் புத்தகத்துல பாஸ்தாவும் தக்காளி சாஸும் ஒண்ணு சேருது. 1839ல இப்போலித்தோ கவல்காந்தி நேப்பிள்ஸ் பேச்சு மொழியிலேயே எழுதின பின்னிணைப்புல தக்காளி வெர்மிசெல்லி வருது. நம்ம ஊர்க் கணக்குல சொன்னா தஞ்சாவூர்ல பேருக்கு மராட்டிய ராஜா இருந்த காலம். நேத்து மாதிரிதான்.

1891ல பெல்லெக்ரினோ அர்த்தூசின்னு ஒருத்தர் சமையல் புத்தகம் எழுதி, சொந்தக் காசு போட்டு அச்சடிச்சார். (நம்ம இனம்!) அது பின்னாடி இத்தாலி முழுக்க வீட்டு வீட்டுக்குப் போச்சு. அதுல தக்காளி சாஸுக்கு முன்னாடி ஒரு கதை சொல்றார். ஊர்ல ஒரு பாதிரியார், எல்லார் வீட்டு விஷயத்துலயும் மூக்கை நுழைப்பார். அவருக்கு ஜனங்க வெச்ச பட்டப்பேரு 'தோன் பொமோதோரோ', அதாவது தக்காளி ஐயா. தக்காளியும் எல்லாத்துலயும் நுழையுதில்ல, அதனால. 350 வருஷத்துக்கு முன்னாடி வந்த விருந்தாளி, கடைசியில வீட்டுக்காரராவே ஆகிட்டார்.

பேசில், நம்ம வீட்டு ஆளு

இலை மட்டும் நமக்குப் பக்கத்துல இருந்து போனது. வெப்பமான ஆசியா, ஆப்பிரிக்கப் பகுதிச் செடி. தமிழ்ல இதுக்குத் திருநீற்றுப்பச்சைன்னு அழகா ஒரு பேரு இருக்கு. ஃபலூடாவுல போடற சப்ஜா விதை இதோட விதைதான். துளசி இதோட ஒண்ணுவிட்ட தங்கச்சி, வேற இனம்.

கிரேக்கத்துல 'ராஜ' மூலிகைன்னு பேரு வாங்கின இதுவும் ஐரோப்பாவுல சந்தேகத்துக்குத் தப்பலை. பேசிலை அடிக்கடி மோந்து பாத்தா மூளைக்குள்ள தேள் உண்டாகும்னு ஒரு நம்பிக்கை இருந்ததை 17ம் நூற்றாண்டு ஆங்கில மூலிகைக்காரர் கல்பெப்பர் எழுதி வெச்சிருக்கார். பொக்காச்சியோவோட 'டெக்கமெரான்'ல லிசபெத்தாங்கிற பொண்ணு, அண்ணன்மாருங்க கொன்னு போட்ட காதலனோட தலையைப் பேசில் தொட்டியில புதைச்சு வெச்சு அழுவாள். சாலட்ல இலையைக் கிள்ளிப் போடறப்ப இதெல்லாம் ஞாபகம் வரக்கூடாது, வந்தா நான் பொறுப்பில்லை :-)

பாஸ்தாவை ஒழிக்கணும்!

இதுல பெரிய காமெடி 1930 டிசம்பர்ல நடந்தது. மரினெத்தின்னு ஒரு கவிஞர், எதிர்காலவாத இயக்கத் தலைவர், முசோலினிக்கு வேண்டியவர். பாஸ்தா மனுஷனைச் சோம்பேறியாக்குது, வீரத்தைக் கெடுக்குது, அதை ஒழிச்சாத்தான் இத்தாலி உருப்படும்னு அறிக்கை விட்டார். நாட்டுல பெரிய சண்டை. அப்புறம் அவரே ஸ்பகெட்டி சாப்பிடற மாதிரி ஒரு போட்டோ சுத்த ஆரம்பிச்சது. அத்தோட கதை கந்தல்.

ஆறின பாஸ்தாவை சாலட்டா சாப்பிடறது இன்னும் இளையது. ரோம்ல வெயில் காலத்துக்குன்னு 'அல்லா கெக்கா'ன்னு ஒரு வழி உண்டு. சூடான பாஸ்தா மேல வேக வைக்காத தக்காளி, பேசில். நோரா எஃப்ரானோட 1983 நாவல் 'ஹார்ட்பர்ன்'ல கூட இந்தப் பண்டத்தோட செய்முறை வரும். டப்பாவுல போட்டுக் கடற்கரைக்கு எடுத்துட்டுப் போற பாஸ்தா சாலட் பரவினது இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் இத்தாலி குடும்பங்கள் கையில கொஞ்சம் காசும் லீவும் சேர்ந்தப்பதான். நான் சொன்ன 'ஆயிரம் வருஷம்' நூறு கூடத் தேறலை.

சரி, செய்முறை

4 பேருக்கு 300 கிராம் குட்டை பாஸ்தா, 600 கிராம் நல்லாப் பழுத்த தக்காளி. தக்காளியை ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க. 12 டிகிரிக்குக் கீழே போனா மணம் போயிடும். நறுக்கி, உப்பு, நசுக்கின ஒரு பல் பூண்டு, 4 மேஜைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரை மணி நேரம் விடுங்க. உப்பு தக்காளித் தண்ணியை வெளிய இழுக்கும். அந்தச் சாறுதான் சாஸ், கொட்டிடாதீங்க.

பாஸ்தாவை உப்புத் தண்ணியில, வழக்கத்தை விட ஒரு நிமிஷம் கூடவே வேக விடுங்க. ஆறினா மாவுச்சத்து இறுகும். வடிச்சு, வெதுவெதுப்பா இருக்கிறப்பவே தக்காளியோட கலந்தா சாறு உள்ளே இறங்கும். பேசிலைக் கத்தி போடாம கையால கிள்ளிக் கடைசியில சேருங்க, இல்லைன்னா கறுத்துடும். பேசில் கிடைக்கலைன்னா திருநீற்றுப்பச்சை போடலாம். மணம் கொஞ்சம் காட்டம், அதனால பாதி அளவு போதும்.

கடைசியா ஒண்ணு

இதோட முடிச்சிருப்பேன். ஆனா தேடறப்ப இன்னொண்ணும் கண்ணுல பட்டது. இத்தாலித் தக்காளியை இன்னிக்குப் பறிக்கிறவங்கள்ல ரொம்பப் பேர் ஆப்பிரிக்காவிலேர்ந்தும் கிழக்கு ஐரோப்பாவிலேர்ந்தும் வந்தவங்க. கங்காணி மாதிரி 'கப்பொராலே'ன்னு ஒரு ஆள் நடுவுல இருந்து, கூலியில பங்கு பிடுங்கிக்குவான். 2016ல இதுக்கு எதிரா தனிச் சட்டமே போட்டாங்க. அப்புறமும், 2018 ஆகஸ்ட்ல, ஃபோஜ்ஜா மாவட்டத்துல ரெண்டே நாள் இடைவெளியில நடந்த ரெண்டு விபத்துல வயல்லேர்ந்து வேன்ல திரும்பின 16 தொழிலாளிங்க செத்தாங்க. ரெண்டுலயும் எதிர்ல மோதினது லாரி. 2024 ஜூன்ல லத்தீனா பக்கம் பண்ணையில வேலை பார்த்த நம்ம பஞ்சாப்காரர் ஒருத்தருக்கு எந்திரத்துல கை துண்டாச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாம வீட்டு வாசல்ல விட்டுட்டுப் போயிட்டாங்க. ரெண்டு நாள்ல இறந்துட்டார்.

கங்காணிங்கிற வார்த்தை நமக்குப் புதுசில்லை. தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம்ம ஜனங்க கதையில அது வராம இருக்காது. அதான் படிச்சப்போ சுருக்குன்னு இருந்துச்சு.

அரபு நாட்டு பாஸ்தா, மெக்சிகோ தக்காளி, ஆசியா இலை. மூணையும் 'எங்க பாரம்பரியம்'னு மடியில வெச்சுக்கத் தெரியுது. அதைப் பறிச்சுக் கொடுக்க வந்த மனுஷனை மட்டும் வாசல்லயே விட்டுட்டுப் போறாங்க. இத்தாலியை மட்டும் சொல்லலை. சீமைத்தக்காளின்னு நம்ம ஊர்ல கூப்பிட்ட பழம், 'சீமை'யைத் தொலைச்சுட்டு ரசத்துல குடியேறிடுச்சு. நம்ம ஊருக்கு வேலைக்கு வந்தவங்களை நாம என்ன பேர் சொல்லிக் கூப்பிடறோம்?

மகள்கிட்ட இதெல்லாம் சொன்னேன். கேட்டுட்டு, "அப்போ இது எந்த ஊர் சாப்பாடுன்னு யாராவது கேட்டா என்ன சொல்றது?"ன்னாள்.

எனக்கு உடனே பதில் வரலை. "செஞ்சவங்க ஊர்"னு சொன்னேன். ஏதோ ஒத்துக்கிட்டாள்.

டிஸ்கி: மீந்த சாலட்டை ராத்திரி தங்கமணி கடுகு, கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டிச் சாப்பிட்டதை இத்தாலிக்காரங்க யாரும் படிக்க மாட்டாங்கங்கிற தைரியத்துல எழுதறேன். சூப்பரா இருந்துச்சு.