நுண்நாளக் குருதியுறைவு (பாம்புக்கடி)

விரியன் இனப் பாம்புகளின் நஞ்சேறிய சிலருக்கு மிக நுண்ணிய நாளங்களில் குருதிச் சிறுதட்டுகள் திரண்டு அடைக்க, அந்த இடுக்கில் செங்குழியங்கள் சிதைந்து, சிறுநீரகம் செயலிழக்கும் அரிய நோய். திருகோணமலை மாவட்டத்தின் தம்பலகாமம், கந்தளாய், மூதூர் வயல்வெளிகளில் இதற்குக் காரணமாகக் கூடியது கண்ணாடி விரியன். ஈழத்தில் புடையன் என்ற பெயரும் உண்டு.

கண்ணாடி விரியனுக்கு 1797-இல் அறிவியற் பெயர் இடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி நூல் வெளியிட்ட கிழக்கிந்தியக் கம்பெனி இயற்கையியலாளரும் மருத்துவருமான பேட்ரிக் ரசலின் பெயரையே ஆங்கிலேயர் அதற்குச் சூட்டினர். இதன் நஞ்சு குருதியை உறையச் செய்யும் காரணிகளைத் தூண்டுவது. 1934-இல் லண்டனில் மருத்துவர் மக்பார்லேன் இரத்தம் உறையா நோயாளரின் இரத்தப்போக்கை நிறுத்த இதையே பயன்படுத்தினார்.

இலங்கையில் இந்நோயைத் தரும் மற்றொன்று, சிங்களவர் குணகட்டுவா என்னும் மூக்கு நிமிர்ந்த சிறு குழிவிரியன். ஹிப்னேல் எனும் இப்பேரினத்தின் சிற்றினங்களில் நேபாவை லோரன்டி (1768), ஹிப்னேலை மெரம் (1820), ஜாராவை கிரே (1849) விவரித்தனர். இடையில் வால்லி என்றொரு பெயரும் நுழைந்து குழப்பியது. 2009-இல் கலன மதுவகே குழுவினர் வால்லியை நேபாவோடு சேர்த்து, மறக்கப்பட்ட ஜாராவை மீட்டனர். நேபாவும் ஜாராவும் இலங்கைக்கே உரியவை; ஹிப்னேல் சிற்றினம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. இவற்றின் கடி தீங்கற்றது என்று நெடுநாள் எண்ணியது தவறு என்பதை இறப்புகள் காட்டின.

சிகிச்சை, கடித்தது எது என்பதைப் பொறுத்தது. இந்தியாவிலிருந்து வரும் எதிர்மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்கின் நஞ்சுக்கே உரியது. நஞ்சு தூண்டிய உறைகாரணிகள் தீர்ந்துபோய், கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாது வைத்த குருதி உறையாவிட்டால் எதிர்மருந்தை ஏற்றுவர். கண்ணாடி விரியன் கடிக்குத் தொடக்க அளவே 20 குப்பி. ஒவ்வாமை அடிக்கடி வருவதால் முன்னதாகத் தோலடியில் சிறிது அட்ரினலின் போடுவர். ஏமாற்றுவது அடுத்த கட்டம்: குருதி மீண்டும் உறையத் தொடங்கி நோயாளி தேறியதாகத் தோன்றும் வேளையில் சிறுதட்டுகள் குறையும், சிறுநீர் வற்றும், நுண்ணோக்கியில் உடைந்த செங்குழியங்கள் தென்படும். ஆகவே முதல் நாள் பரிசோதனை நன்றாயிருக்கிறதென்று வீட்டுக்கு அனுப்புவது கூடாது.

பிளாஸ்மா மாற்று, இதையொத்த வேறொரு நோயில் உயிர்காப்பதாக 1991-இல் கனடிய ஆய்வு காட்டியதால் பாம்புக்கடிக்கும் கொண்டுவரப்பட்டது. பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே கிடைப்பது, செலவு மிக்கது. 2020-இல் வெளிவந்த தொகுப்பாய்வில் அதனால் தெளிவான பயன் தென்படவில்லை. முதன்மைச் சிகிச்சை டயலிசிசே. பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் சிறுநீரகம் மீளும், சிலர்க்கு நாட்பட்ட நோயாக நிற்கும். பிறவிக் குறைபாட்டால் வரும் இவ்வகை நோய்க்கு 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எக்குலிசுமாப் பாம்புக்கடிக்கு வழக்கமான மருந்தன்று. ஹிப்னேல் நஞ்சுக்கான எதிர்மருந்து இலங்கை மருத்துவமனைகளில் வழக்கத்துக்கு வரவில்லை.