நெல்வயல் மீனும் குருதிக்குழாயும்

திருப்பதி மாவட்டத்துப் பாகாலாவைப் பலர் ரயில் சந்திப்பாகவே அறிவர். காட்பாடி–திருப்பதிப் பாதையிலிருந்து தர்மாவரம் பாதை பிரியும் ஊர் அது. அதனை அடுத்த கிழக்குத் தொடர்ச்சி மலைக்குன்றுகளில்தான் சுவர்ணமுகி ஆறு பிறக்கிறது. கண்ணப்பர் கதையை அறிந்த தமிழர்க்கு அது பொன்முகலி. சந்திரகிரி, திருப்பதி, காளத்தி ஆகிய ஊர்களைத் தொட்டு வங்கக் கடலைச் சேரும் அந்த ஆறு, மழை பெய்தால் ஓடும். மற்றைய நாட்களில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கும். இத்தகைய பருவ ஆறுகளிலும், அவற்றை ஒட்டிய ஏரிகளிலும், வயல் வாய்க்கால்களிலும் விரல் நீளம்கூட இல்லாத சிறு மீன்கள் பல வாழ்கின்றன. அவை சந்தைக்கு வருவதில்லை; வரலாற்று நூல்களுக்கும் வருவதில்லை.

ஆயினும் இந்தியத் துணைக்கண்டத்தின் ஆழமற்ற நீர்களில் வாழும் அத்தகைய ஒரு சிறுமீன்தான், மனித உடலின் குருதிக்குழாய்கள் எவ்வாறு உருவாகின்றன, எவ்வாறு அடைபடுகின்றன என்ற அறிவுக்கு இன்று அடித்தளமாக விளங்குகிறது. அதன் பெயர் வரிக்குதிரை மீன். ஆய்வகங்கள் அதை உலகெங்கும் வளர்த்தன. அது பிறந்த நீரை அறிவியல் திரும்பிப் பார்க்கப் பல பத்தாண்டுகள் ஆயின. இந்த இடைவெளியின் கதையே இங்குக் கூறப்படுகிறது.

கதையின் முதல் மனிதர் பாகாலாவுக்குத் தெற்கே, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேலூரைக் கடந்து சென்றவர். பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், எடின்பரோவில் பயின்று கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சேர்ந்தவர். 1799 மே மாதம் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், மைசூர் நாட்டின் உழவையும் தொழில்களையும் மக்களையும் நேரில் கண்டு அறிக்கை தருமாறு வெல்லெஸ்லி அவரைப் பணித்தார். 1800 ஏப்ரல் 23 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட அவர், காஞ்சிபுரம், ஆர்க்காடு, வேலூர், சாத்கர் வழியாக மலையேறி மைசூர்ப் பீடபூமியை அடைந்தார். வழியெங்கும் ஏரிகளையும் மதகுகளையும் பயிர்களையும் குறித்துக்கொண்டார். அக்குறிப்புகள் 1807இல் மூன்று தொகுதிகளாக இலண்டனில் வெளிவந்தன.

மீன்களில் அவருக்கிருந்த நாட்டம் அதற்கு முன்பே தொடங்கியது. 1796 முதல் 1798 வரை வங்காளத்தின் லட்சுமிபூரில் பணியாற்றியபோதே அவர் நன்னீர் மீன்களை ஆராயத் தொடங்கியிருந்தார். 1807 முதல் 1814 வரை வங்காள மாகாணத்தை அளந்தறியும் பணியில் ஈடுபட்டபோது கங்கையிலும் அதன் கிளையாறுகளிலும் மீன்களைத் திரட்டினார். இந்திய ஓவியர்களைக் கொண்டு அவற்றை வரையச் செய்தார். 1815இல் அவர் நாடு திரும்புகையில் அந்த ஓவியங்களை எடுத்துச்செல்ல அரசு இசையவில்லை. அவை கல்கத்தாவிலேயே தங்கிவிட்டன. பின்னர் தாய்வழிச் சொத்துரிமை காரணமாக ஹாமில்டன் என்ற பெயரைச் சூடிக்கொண்ட அவர், கைவசம் இருந்த குறிப்புகளைக்கொண்டு 1822இல் கங்கை மீன்களைப் பற்றிய நூலை எடின்பரோவில் வெளியிட்டார்.

அந்நூலின் தனிச்சிறப்பு பெயரிடும் முறையில் உள்ளது. ரோகு, கட்லா, மிர்கால் ஆகிய மீன்களுக்கு மீனவர் வழங்கிய பெயர்களையே ஹாமில்டன் இலத்தீன் வடிவில் அறிவியற் பெயர்களாக்கினார். கோசி ஆற்றில் கிடைத்த நான்கு சென்டிமீட்டர் அளவேயான நீலவரி மீனுக்கு அவர் இட்ட பெயரில் ‘ரெரியோ’ என்ற சொல் அமைந்தது. அதன் இனத்தொகுதிப் பெயரான ‘டேனியோ’, நெல்வயலைச் சார்ந்தது என்னும் பொருள்தரும் ‘தானி’ என்ற வங்கச் சொல்லிலிருந்து பிறந்தது. தானியம் என்ற சொல்லுக்கு அது உறவு. மீன் எங்கே வாழ்கிறது என்ற செய்தி அதன் பெயரிலேயே பொதிந்திருந்தது. அடுத்து வந்த ஏறக்குறைய 150 ஆண்டுகளில் அந்தச் செய்தி மங்கிப்போய், மீன் மட்டும் கண்ணாடித் தொட்டிகளில் உலகைச் சுற்றியது.

அதனைத் தொட்டியிலிருந்து ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர். புடாபெஸ்டில் பிறந்து அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ்களின் மரபியலில் தேர்ந்தவர். அழகு மீன் வளர்ப்பிலும் விருப்பமுடையவர். முதுகெலும்புள்ள ஓர் உயிரியிலும் அதே துல்லியத்தோடு மரபணுக்களை ஆராய முடியுமா என்ற வினாவுக்கு வரிக்குதிரை மீனே விடையாயிற்று. கடையில் வாங்கிய மீன்களிலிருந்து அவர் வழிமரபுகளை உருவாக்கினார். இன்றும் உலக ஆய்வகங்களில் பரவலாக உள்ள ‘ஏபி’ வழிமரபு, கடையில் வாங்கிய அத்தகைய இரு தொகுதிகளின் கலப்பே. 1981இல் அவரது ஆய்வுக்கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. 1984இல் அவர் மறைந்தார்.

குருதிக்குழாய் ஆராய்ச்சிக்கு இம்மீன் ஏன் பொருந்தியது என்பதை அறிய, அதற்கு முந்தைய நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். கோழிக்கருவிலும் எலிக்கருவிலும் நாளங்களில் மை செலுத்தியும், இறந்த திசுக்களைச் சீவியுமே குழாய்களின் வளர்ச்சியை ஆய்வாளர்கள் ஊகித்தனர். எலிக்கரு தாய்வயிற்றுக்குள் வளர்வது. அதன் இதயமோ பெருநாளமோ பழுதுபட்டால் விரைவில் இறந்துவிடும். என்ன பழுது என்று காண்பதற்குள் சான்று அழிந்துவிடும்.

வரிக்குதிரை மீனின் முட்டை தாயுடலுக்கு வெளியே வளர்கிறது. கரு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவக்கூடியது. கருவுற்ற ஏறத்தாழ ஒரு நாளில் இதயம் துடிக்கத் தொடங்கும். சிவப்பணுக்கள் ஒவ்வொன்றாய் ஓடுவதை நுண்ணோக்கியில் காணலாம். உடல் மிகச் சிறியதாகையால், நீரிலுள்ள ஆக்சிஜன் நேரே திசுக்களுக்குள் பரவிவிடுகிறது. குருதியோட்டமே இல்லாத கருவும் சில நாட்கள் உயிரோடிருக்கும். அந்தச் சில நாட்கள்தான் அறிவியலுக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு.

1995இல் பிராண்ட் வைன்ஸ்டீன், மார்க் ஃபிஷ்மன் உள்ளிட்டோர் ‘கிரிட்லாக்’ என்ற மரபுப் பிறழ்வை அறிவித்தனர். போக்குவரத்து நெரிசலைக் குறிக்கும் சொல் அது. இப்பிறழ்வுடைய கருவில் இதயம் துடிக்கும். ஆனால் பெருந்தமனி கிளைபிரிந்து கீழிறங்கும் இடத்தில் தடை ஏற்பட்டு, உடலின் பின்பகுதிக்குக் குருதி செல்லாது. குழந்தைகள் சிலர் பிறவியிலேயே கொண்டிருக்கும் பெருந்தமனிச் சுருக்கத்தை இது ஒத்திருந்தது. தடையைச் சுற்றிக்கொண்டு மாற்றுக் குழாய்கள் சில கருக்களில் வளர்ந்ததும் காணப்பட்டது. 2000இல் பிறழ்வுக்குக் காரணமான மரபணு கண்டறியப்பட்டது. 2004இல் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களை இக்கருக்களில் சோதித்து, குருதியோட்டத்தை மீட்கும் சேர்மங்களைக் கண்டறிந்தனர். அறுவை இல்லாமல், நீரில் கரைத்த மருந்தால் ஒரு பிறவிக் குழாய்க்கோளாறு சீரானது.

இதற்கிடையே 1996 டிசம்பரில், டூபிங்கனில் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் குழுவும் பாஸ்டன் குழுவும் நடத்திய பெரும் பிறழ்வுத் தேடலின் முடிவுகள் ‘டெவலப்மென்ட்’ இதழில் 37 கட்டுரைகளாக வெளிவந்தன. 2002இல் நேதன் லாசனும் வைன்ஸ்டீனும் குருதிக்குழாய்ச் செல்கள் பச்சையாக ஒளிரும் மீனை உருவாக்கினர். குழாய்கள் முளைவிட்டு, கிளைத்து, அண்டைக் குழாயோடு இணைவதை உயிருள்ள கருவிலேயே படம்பிடிக்க முடிந்தது. 2009இல் கொழுப்புமிக்க உணவு ஊட்டப்பட்ட இளமீன்களின் நாளச் சுவரில் கொழுப்புப் படிவதும் காணப்பட்டது. மீனின் இதயம் இரண்டே அறைகள் கொண்டது. மனிதத் தமனியில் பல்லாண்டுகளில் உருவாகும் தடிப்பு முழுமையாக அதில் தோன்றுவதில்லை. எனினும் அந்நோயின் தொடக்கப் படிகளை உயிருள்ள உடலில் காண அது வழிகாட்டியது. மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இம்மீனில் இணை உண்டு என்று 2013இல் வெளியான மரபணுத்தொகை ஆய்வு காட்டியது.

இவ்வளவும் நடந்தேறிய காலத்தில், அம்மீன் இயற்கையில் எவ்வாறு வாழ்கிறது என்பதைப் பற்றிய நூல்கள் மெலிந்தே இருந்தன. 2006இல் ரொவீனா ஸ்பென்ஸும் உடன் ஆய்வாளர்களும் வங்காளதேசத்தில் அதன் வாழிடங்களை ஆராய்ந்தனர். 2007இல் டேவிட் பாரிச்சி உள்ளிட்டோரின் களக்குறிப்புகள் வெளிவந்தன. 2013இல் ஆழ்வார்குறிச்சியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக மையத்தைச் சேர்ந்த அருணாசலமும் அவர் குழுவினரும், இந்தியாவில் வரிக்குதிரை மீனின் இயற்கை வரலாற்றை விரிவாக எழுதினர். பொருநைக் கரையில் பணியாற்றிய ஒரு நன்னீர் மீனியல் குழு, உலக ஆய்வகங்கள் விட்டுவைத்த வினாவைக் கையில் எடுத்தது.

களம் காட்டிய மீன் தொட்டி மீனிலிருந்து வேறுபட்டது. ஆய்வகத்தில் அது மாறாத 28.5 டிகிரி வெப்பத்தில் வாழ்கிறது. இயற்கையிலோ குளிரும் கோடையும் மாறிமாறி வரும் நீரில், நெல்வயலை ஒட்டிய மெல்லிய ஓட்டத்திலும் வண்டல் படிந்த தேக்கத்திலும் அது காணப்படுகிறது. பூச்சிகளை உண்கிறது, விராலுக்கும் மீன்கொத்திக்கும் இரையாகிறது, மழைக்காலத்தில் பெருகுகிறது. ஆய்வகத்தில் மூன்று, நான்கு ஆண்டுகள் வாழும் மீன், வயலோரத்தில் பெரும்பாலும் ஓராண்டே வாழ்கிறது.

அதனினும் வியப்பான செய்தி 2014இல் வந்தது. இயற்கையில் வாழும் மீன்களில் ஆண், பெண் என்பதைத் தீர்மானிக்கும் மரபுப் பகுதி நான்காம் குரோமோசோமில் உள்ளது. பல தலைமுறைகள் ஆய்வகத்தில் வளர்ந்த ஏபி, டூபிங்கன் வழிமரபுகள் அதை இழந்துவிட்டிருந்தன. ஓர் உயிரியின் அடிப்படைப் பண்பே தொட்டியில் தொலைந்துபோனதை ஆறு வந்து சொல்லவேண்டியிருந்தது. தில்லியிலுள்ள மரபணுத்தொகையியல் நிறுவனத்தில் ஸ்ரீதர் சிவசுப்பு, வினோத் ஸ்காரியா குழுவினர் இந்தியக் காட்டுவழி மீனின் மரபணுத்தொகையை வரிசைப்படுத்தியபோது, 50 லட்சத்துக்கும் அதிகமான ஒற்றையெழுத்து மாற்றங்கள் வெளிப்பட்டன.

குருதிக்குழாய் மருத்துவத்துக்கு இது புறச்செய்தி அன்று. ஒரே மரபுக்குறை கொண்ட இருவரில் ஒருவர் இளமையில் நோயுறுவதும் மற்றவர் முதுமைவரை நலமாய் இருப்பதும் மருத்துவர்கள் அன்றாடம் காண்பது. உடலின் பிற மரபுமாற்றங்கள் அக்குறையைத் தணிக்கின்றன அல்லது மிகுவிக்கின்றன. ஒரு சில கடைமீன்களின் வழித்தோன்றல்களில் அந்த வேறுபாட்டைத் தேடினால் சிறு பகுதியே கிட்டும். அதன் முழு விரிவு ஓடைகளில்தான் உள்ளது.

வரிக்குதிரை மீன் அழிவின் விளிம்பில் நிற்கும் இனம் அன்று. உலகப் பட்டியல்களில் அது கவலைக்குரியதாகவும் இல்லை. ஆனால் ஓர் இனம் நிலைத்திருக்கையிலேயே அதன் தனித்தனிக் குழுக்கள் ஓசையின்றி மறையக்கூடும். மணல் அள்ளிய ஆற்றில் நீர் தங்குவதில்லை. வயலில் தெளித்த பூச்சிக்கொல்லி வாய்க்காலில் இறங்குகிறது. கொசுவை ஒழிக்க 1928இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த கம்பூசியா மீன், நாட்டுச் சிறுமீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்கிறது. ஒவ்வோர் ஓடையோடும் அந்த ஓடைக்கே உரிய மரபுவேறுபாடும் போய்விடுகிறது.

பொன்முகலியின் தலைநீர் முதல் பொருநை வரை, ஊர்தோறும் சிறுமீன்களுக்குப் பெயர்கள் உண்டு. ஹாமில்டன் கங்கைக் கரையில் செய்த முதல் வேலை அப்பெயர்களைக் கேட்டு எழுதியதே. உள்ளூர்க் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளுக்கு அந்த வேலைக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. ஒரு வலை, ஒரு குறிப்பேடு, மழைக்காலத்தில் வயல்வரப்பில் நடக்கும் மனம் ஆகியவை போதும். எந்த ஓடையில், எந்த மாதத்தில், எந்த மீன் என்று எழுதிவைத்தால், நாளை நோய்க்கு விடைதேடி அங்கே திரும்பிவருவோர்க்கு வழி தெரியும்.