அண்ணாமலை அடிவாரத்து வாசகர்கள்

திருவண்ணாமலை என்றதும் கார்த்திகைத் தீபமும், முழுநிலா நாள்களில் மலையை வலம்வரும் பெருங்கூட்டமும், வானளாவிய கோபுரங்களும் நம் மனக்கண்முன் வந்து நிற்கும். அவ்வூருக்கு அதிகம் பேசப்படாத மற்றொரு வரலாறும் உண்டு. தாம் படித்துக்கொண்டிருந்த நூலைக் கையில் எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் சென்று, அதன் பொருள் என்ன, அதைப் பற்றி அவர் கருதுவது என்ன என்று கேட்டவர்களின் வரலாறு அது. அதில் கத்தோலிக்கத் துறவி ஒருவருக்கும் இடம் உண்டு. நம் பங்குகளில் நூல் வாசிப்பு எந்நிலையில் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் வேளையில், அவ்வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது பயன் தரும்.

எழுத்துக் கூட்டிப் படித்த தொண்டர்

1896-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் பதினாறு வயது இளைஞர் ஒருவர் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். திருச்சுழியில் பிறந்து, மதுரை அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் அவர். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது. மதுரையில் இருந்தபோது அவர் உள்ளம் தோய்ந்து படித்த சமய நூல் பெரியபுராணம். மிஷன் பள்ளி மாணவராதலால் விவிலியப் பாடங்களும் அவருக்கு அறிமுகமாகியிருந்தன. வேதாந்த நூல்களையோ அவற்றின் கலைச்சொற்களையோ அவர் அப்போது அறிந்தவரல்லர். அண்ணாமலைக்கு வந்தபின் பேச்சையும் ஏறத்தாழ விட்டுவிட்டார்.

அப்படிப்பட்டவர் நூலறிவு மிக்கவரானது எவ்வாறு? அதற்குக் காரணமானவர் பழனிசாமி என்னும் மலையாளத் தொண்டர். 1897 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேல் ரமணருக்குத் துணையாக இருந்தவர் அவர். ஆன்மிக நூல்களைப் படிக்க வேண்டும் என்னும் வேட்கை பழனிசாமிக்கு மிகுதி. ஆனால் ஊருக்குள் சென்று அவர் இரவல் பெற்றுவந்தவை தமிழ் நூல்கள். அவர் தாய்மொழியோ மலையாளம். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, பொருள் விளங்காமல் அவர் படும் பாட்டை ரமணர் கண்டார். நூலை வாங்கித் தாமே விரைவாகப் படித்து, அதன் சாரத்தை எளிய முறையில் அவருக்கு உணர்த்தினார். இவ்வாறு நூல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. தொண்டருக்காகப் படித்தவர் தாமும் நூல்வல்லவரானார்.

ரமணரின் வாழ்க்கையை எழுதியோர் பலரும் குறிப்பிடும் இந்நிகழ்ச்சி நாம் உற்று நோக்கத்தக்கது. அவர் புலமை தேடி நூல்களை நாடவில்லை. அருகிலிருந்த ஒருவர் படித்துக்கொண்டிருந்த நூல் அவருக்கு விளங்கவில்லையே என்னும் பரிவு அவரைப் படிக்க வைத்தது.

துண்டுத் தாள்களில் விடைகள்

1900-ஆம் ஆண்டை ஒட்டி மற்றொரு வாசகர் அம்மலைக்கு ஏறி வந்தார். அவர் பெயர் கம்பீரம் சேஷய்யர். திருவண்ணாமலை நகராட்சியில் மேற்பார்வையாளராகப் பணியாற்றியவர். அலுவலகப் பணியும் குடும்பமும் உடைய அவர், நம் வழக்கில் சொன்னால், ஒரு பொதுநிலையினர். விவேகானந்தரின் இராஜயோகச் சொற்பொழிவுகள், இராமகீதை முதலிய நூல்களை அவர் படித்துக்கொண்டிருந்தார். விளங்காத பகுதிகள் வந்தபோது நூலோடு விரூபாட்ச குகைக்குச் சென்றார். ரமணர் அந்நூல்களைப் படித்து, சாரத்தையும் தம் கருத்தையும் துண்டுத் தாள்களில் எழுதிக் கொடுத்தார். பேசாதிருந்த காலமாதலால் எழுத்தே அவர்தம் உரையாடல். 1902 வரை இது தொடர்ந்தது. அத்தாள்களைச் சேஷய்யர் வீசி எறியவில்லை; ஒரு குறிப்பேட்டில் பெயர்த்து எழுதிப் பேணினார். பிற்காலத்தில் அவையே ‘விசார சங்கிரகம்’ என்னும் நூலுக்கு மூலமாயின.

நகராட்சி ஊழியர் ஒருவர் தமக்கு விளங்காததை வெட்கப்படாமல் கேட்டதால் ஒரு நூல் பிறந்தது. இதை எண்ணும்போது திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரம் நம் நினைவுக்கு வருகிறது. எத்தியோப்பிய அரசியின் நிதி அமைச்சர் தேரில் அமர்ந்து எசாயாவின் ஏட்டை வாய்விட்டுப் படித்துச் செல்கிறார். பிலிப்பு ஓடிச்சென்று, படிப்பது விளங்குகிறதா என்று கேட்கிறார். எவரும் விளக்காவிட்டால் தமக்கு எப்படி விளங்கும் என்று அந்த உயர் அலுவலர் கூச்சமின்றி ஒப்புக்கொண்டு, பிலிப்பைத் தேரில் ஏறித் தம்மருகே அமரச் சொல்கிறார். அவ்வழியில் எதிர்ப்பட்ட நீரிலேயே அவர் திருமுழுக்குப் பெற்றார்.

மலையடிவாரத்தில் ஆசிரமம் உருவான பின், அங்கிருந்த கூடத்தில் இவ்வழக்கம் விரிவு பெற்றது. வந்தவர்கள் தாம் படித்த நூல்களிலிருந்து பகுதிகளை எடுத்துக்கூறிக் கருத்துக் கேட்டனர். முனகால வெங்கடராமய்யா 1935 முதல் 1939 வரை பதிவு செய்த உரையாடல்களைப் புரட்டினால், விவிலியமும் அங்கு அடிக்கடி பேசப்பட்டது தெரியவரும். விடுதலைப் பயண நூலில் இறைவன் மோசேக்குத் தம் பெயரை வெளிப்படுத்தும் இடத்தையும், அமைதியுற்று இறைவனை அறிந்துகொள்ளுமாறு திருப்பாடல் 46 அழைக்கும் இடத்தையும் ரமணர் பன்முறை எடுத்துக் காட்டினார். அவ்விரு இடங்களுக்கு அவர் தந்த விளக்கத்தை நாம் அப்படியே ஏற்க இயலாது. மோசேயோடு பேசிய ஆண்டவர் தம் மக்களின் துயர்கண்டு இறங்கிவந்த இறைவன் என்பது நம் நம்பிக்கை. ஆயினும் நம் திருநூலை மற்றொருவர் இத்துணை கவனத்தோடு படித்திருக்கிறார் என்பது, நாம் அதை எவ்வாறு படிக்கிறோம் என்று நம்மையே கேட்கத் தூண்டுகிறது.

மலைக்கு வந்த பெனடிக்டின் துறவி

1949-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இரு பிரெஞ்சுக் குருக்கள் அக்கூடத்திற்கு வந்தனர். ஒருவர் ழூல் மொன்ஷானென். மற்றவர் 1948-இல் இந்தியா வந்த பெனடிக்டின் துறவி ஹென்றி லெ சோ. இருவரும் 1950-இல் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினர். லெ சோ அபிஷிக்தானந்தர் என்னும் பெயரால் அறியப்பட்டார்.

அபிஷிக்தானந்தர் ரமணரைப் பற்றி முன்பே நிறையப் படித்திருந்தார். எதிர்பார்ப்போடு வந்தவருக்கு முதலில் ஏமாற்றமே மிஞ்சியது. அங்கே தங்கியிருந்த ஆங்கிலப் பெண்மணி ஒருவர், தாங்கள் மிகுந்த சுமையோடு வந்திருக்கிறீர்கள், அதை இறக்கி வைத்தால்தான் எதுவும் உள்ளே வரும் என்னும் பொருள்பட அவரிடம் கூறினாராம். அதை அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். நூல்கள் வழிகாட்டவும் செய்யும். நாம் முன்பே முடிவு செய்து வைத்ததை மட்டும் காணச் செய்யும் திரையாகவும் ஆகும். தாம் படித்ததை மற்றொருவர் முன் வைத்தபோதுதான் அத்திரை அவருக்குத் தெரிந்தது.

1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தார். 1952 முதல் அபிஷிக்தானந்தர் பலமுறை வந்து அண்ணாமலைக் குகைகளில் தங்கித் தியானத்தில் ஆழ்ந்தார். நற்செய்தியும் உபநிடதங்களும் அவர் உள்ளத்தில் ஒன்றோடொன்று உரையாடின. சில வேளைகளில் போரிட்டன. அவ்வனுபவத்தை ‘குகாந்தரா’ என்னும் தலைப்பில் எழுதினார். அக்கையெழுத்துப் படிக்குத் திருச்சபைத் தணிக்கையாளரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. உடன் வாழ்ந்த மொன்ஷானெனும், அத்வைதத்தையும் மூவொரு இறைவன் பற்றிய நம் மறையுண்மையையும் எளிதில் இணைத்துவிட முடியாது என்று நாளடைவில் எச்சரிக்கையோடு பேசலானார். ஒரே நூல்களைப் படித்த இருவர், ஒரே ஆசிரமத்தைத் தொடங்கிய இருவர், வேறுபட்ட முடிவுகளுக்கு வந்தனர். மொன்ஷானென் 1957-இல் பாரிசு நகரில் காலமாகும் வரை அவ்வேறுபாடு தீரவில்லை. தம் துணிவை அபிஷிக்தானந்தர் கைவிடவில்லை. தம் ஐயத்தை மொன்ஷானெனும் மறைக்கவில்லை. இருவர்பால் நாம் கொள்ளும் மதிப்பும் இதனால் கூடுகிறதேயன்றிக் குறையவில்லை.

தனியே சுமந்ததை அபிஷிக்தானந்தர் பின்னர் கூட்டு வாசிப்பாக மாற்றிக்கொண்டார். 1961-இல் அல்மோராவில், அந்நாளில் இந்தியாவுக்கான சுவிட்சர்லாந்துத் தூதராக இருந்த ஜாக் ஆல்பர்ட் குட்டா என்னும் கத்தோலிக்கரின் முயற்சியால் சிறு குழு ஒன்று கூடியது. கத்தோலிக்கரோடு பிற சபைக் கிறிஸ்தவர்களும் அதில் இருந்தனர். அவர்கள் செபித்தனர், உபநிடதங்களை நம் மறைநூலின் ஒளியில் சேர்ந்து படித்தனர், தாம் உணர்ந்ததை ஒருவருக்கொருவர் கூறினர். இத்தகைய கூட்டங்கள் அடுத்த ஆண்டுகளிலும் தொடர்ந்தன.

தடைப் பட்டியலும் சங்கமும்

இவை நடந்த காலத்தை நாம் மறத்தல் ஆகாது. 1559-இல் முதன்முதல் வெளியான தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியல் அப்போதும் நடைமுறையில் இருந்தது. இன்ன நூலைப் படிக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லக் கத்தோலிக்கர் தயங்கிய காலம் அது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் வெளியிட்ட அறிக்கை, பிற சமயங்களில் காணப்படும் உண்மையானவற்றையும் தூயவற்றையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று தெளிவுபடுத்தியது. மூன்று வாரங்களுக்குப்பின், நவம்பர் 18-இல் வெளியான இறைவெளிப்பாடு பற்றிய கொள்கை விளக்கம், விசுவாசிகள் அனைவரும் மறைநூலை அடிக்கடி படிக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. 1966-இல் தடைப் பட்டியல் தன் சட்ட வலிமையை இழந்தது. மனச்சான்றின் பொறுப்பு மட்டும் நீக்கப்படவில்லை. அது முன்னிலும் கூடுதலாக நம் தோள்மேல் வைக்கப்பட்டது.

அப்பொறுப்பை ஒருவர் தனியே சுமப்பது கடினம். படித்ததைப் பகிர்ந்துகொள்ளும் நண்பர் வட்டம் இங்கேதான் தேவையாகிறது. புனித அகுஸ்தீனாரின் மனமாற்றத்தை எண்ணிப் பார்ப்போம். மிலான் நகரில் அவரைக் காண வந்த பொந்திசியானுஸ், மேசைமேல் கிடந்த நூலைத் தற்செயலாகக் கையில் எடுத்தார். அது பவுலின் திருமுகங்கள் என்று கண்டு வியந்து, அதைத் தொடர்ந்து வனத்துறவி அந்தோணியாரின் வரலாற்றைச் சொல்லலானார். அப்பேச்சு அகுஸ்தீனாரின் உள்ளத்தைக் கலக்கியது. பின்னர்த் தோட்டத்தில் தாம் படித்த வரியை நண்பர் அலிப்பியுசுக்குக் காட்டினார். அலிப்பியுஸ் அடுத்த வரியைப் படித்துத் தமக்குரிய அழைப்பை அதில் கண்டார். மேசைமேல் கிடந்த நூலைப் பற்றி ஒருவர் பேச்செடுத்ததில் தொடங்கியது இத்தனையும்.

நம் காலத்தில்

திருவண்ணாமலை அவ்வழக்கத்தை வேறு வடிவங்களில் வளர்த்தது. எழுத்தாளர் பவா செல்லதுரையும் நண்பர்களும் நடத்திவந்த ‘முற்றம்’ இலக்கியக் கூட்டங்கள் தமிழ் வாசகரிடையே பெயர்பெற்றவை. பிறர் எழுதிய கதைகளைத் தாம் படித்து, மக்கள்முன் வாய்மொழியாகச் சொல்லும் முறையால் அவர் பலரை நூல்களை நோக்கித் திருப்பினார். அங்குக் கூடியவர்கள் எல்லாரும் புலவர்கள் அல்லர். கதை கேட்க வந்து வாசகரானவர் பலர்.

நம்மிடம் கருவிகள் இல்லாமல் இல்லை. திருவண்ணாமலைக்கு அண்மையிலுள்ள திண்டிவனத்திலிருந்து 1995-இல் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து அமர்ந்து உருவாக்கிய அத்திருநூல் இன்று நம் இல்லங்களில் உள்ளது. அன்பியக் கூட்டங்களில் அதிலிருந்து ஒரு பகுதியைப் படிக்கிறோம், மன்றாட்டுகளைச் சொல்கிறோம், கலைந்து செல்கிறோம். படித்த பகுதியில் எனக்கு இது விளங்கவில்லை என்று எத்தனை பேர் வாய் திறக்கிறோம்? இந்த வாரம் நான் இந்நூலைப் படித்தேன், இதில் இது எனக்குப் பிடித்தது, இது உறுத்துகிறது என்று அருகிலிருப்பவரிடம் எத்தனை பேர் கூறுகிறோம்? தவறாகச் சொல்லிவிடுவோமோ என்னும் அச்சம் நம்மை மௌனமாக்குகிறது. அந்த மௌனத்தைப் பக்தி என்று நாமே பெயரிட்டுக்கொள்கிறோம்.

பழனிசாமி புலமை பெற்றபின் நூலைத் தொடவில்லை. விளங்காத மொழியிலேயே நூலைத் திறந்தார். சேஷய்யர் அலுவல் முடிந்தபின் மலை ஏறினார். மொன்ஷானெனும் அபிஷிக்தானந்தரும் உடன்படாத இடத்திலும் பேச்சை முறித்துக்கொள்ளவில்லை. இவர்கள் அனைவருக்கும் கேட்பதற்கு ஒருவர் இருந்தார். நம் பங்கிலும் எழுத்துக் கூட்டிப் படிப்போர் உள்ளனர். கண்ணொளி மங்கிய முதியோர் உள்ளனர். கேள்விகளை எவரிடம் கேட்பது என்று அறியாத இளைஞர் உள்ளனர். அடுத்த அன்பியக் கூட்டத்திற்குச் செல்லும்போது, நாம் இப்போது படித்துக்கொண்டிருக்கும் நூலையும் கையில் எடுத்துச் செல்வோம். அருகில் அமர்ந்திருப்பவரிடம், தாங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்போம்; அவர் சொல்வதைப் பொறுமையோடு இறுதிவரை செவிமடுப்போம்.