இசைத்தட்டுக்கு அடியில் ஒரு விரிப்பு

பழைய கிராமபோன் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு, சுழல்தட்டின் மேல் ஒட்டியிருக்கும் வெல்வெட் துணி நினைவிருக்கும். அழகுக்காக ஒட்டியது என்றே பலர் எண்ணியிருப்பார்கள். அந்தத் துணிக்கு ஒரு வேலை இருந்தது.

தாமஸ் எடிசன் 1877-இல் ஒலியைப் பதித்தது உருளையில். கிராமபோனுக்கு அமெரிக்காவில் 1887-இல் காப்புரிமை பெற்ற எமில் பெர்லினர், தட்டையான தட்டில் பதிக்கும் முறையை உருவாக்கினார். பிற்காலத்தில் தட்டுகள் அரக்கும் கல்மாவும் கலந்து செய்யப்பட்டன. மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் சுரக்கும் அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே கப்பலேறியது.

எஃகு ஊசியும் அதன் தலைப்பகுதியும் நல்ல கனம். அந்தக் கனம் ஓடும் தட்டைப் பிடித்து இழுக்கும். அடியில் வெறும் உலோகம் இருந்தால் தட்டு வழுக்கும், பாட்டும் தளர்ந்துபோகும். ஆகவே துணியின் முதல் வேலை, தட்டைப் பிடித்து நிறுத்துவது.

இரண்டாம் உலகப் போரில் அரக்கு கிடைப்பது அரிதாயிற்று. போர் முடிந்தபின் 1948-இல் கொலம்பியா நிறுவனம் வினைல் என்னும் பிளாஸ்டிக்கில் நீண்ட நேரம் ஓடும் தட்டை வெளியிட்டது. நுண்ணிய வரிகள், சில கிராம் எடையே தாங்கும் ஊசி. இங்கேதான் விரிப்பின் கதை மாறுகிறது.

வீட்டில் ஓர் எவர்சில்வர் தட்டை விளிம்பில் பிடித்துக் கரண்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்கும். அதையே மடித்த துணியின் மேல் வைத்துத் தட்டினால் ஒலி அடங்கிவிடும். சுழல்தட்டும் அப்படித்தான். வரியில் ஓடும் ஊசி தானும் அதிர்ந்து, தட்டையும் சிறிது அதிரச் செய்கிறது. அந்த அதிர்வு கீழே உலோகம் வரை சென்று திரும்பி ஊசிக்கே வரும். மோட்டாரின் நடுக்கமும் அதோடு சேரும். ஊசி எதையும் பிரித்தறியாது. எல்லாவற்றையும் பாட்டாகவே ஒலிபெருக்கிக்கு அனுப்பிவிடும். ரப்பர் விரிப்பு இந்த அதிர்வை விழுங்குகிறது. கம்பளிவகை விரிப்பு இலேசானது. ஆனால் உலர்ந்த காற்றில் மின்னேற்றம் பெற்றுத் தட்டோடு ஒட்டிக்கொண்டு மேலே வரும். விரிப்பின் கனம் கூடினால் தட்டு உயரும். ஊசிக்கையின் உயரத்தையும் அதற்கேற்பச் சரிசெய்ய வேண்டும்.

எந்த விரிப்பு சிறந்தது என்று ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். வேறுபாடு உண்டு, ஆனால் சிறிது என்பதே என் எண்ணம். தேய்ந்த ஊசியையும் கீறல் விழுந்த தட்டையும் எந்த விலையுயர்ந்த விரிப்பும் காப்பாற்றாது.

1970-களில் நியூயார்க்கின் பிரான்க்ஸ் பகுதியில், ஏழை மக்கள் வாழ்ந்த தெருக்களில், கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் என்ற இளைஞர் இதைத் தலைகீழாக்கினார். பாட்டின் ஒரு துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்ய, தட்டைக் கையால் பின்னோக்கித் திருப்ப வேண்டியிருந்தது. ரப்பர் விடவில்லை. தையல் தெரிந்த அவருடைய தாயாரின் உதவியோடு, ஒருவகைக் கம்பளித் துணியை வட்டமாக வெட்டிக் கஞ்சி போட்டு விறைப்பாக்கினார். கீழே சுழல்தட்டு ஓடிக்கொண்டே இருந்தது. மேலே இசைத்தட்டு அவர் விரலுக்குக் கட்டுப்பட்டு வழுக்கியது. அத்தகைய விரிப்புகள் இன்று ‘ஸ்லிப்மேட்’ என்ற பெயரில் கடைகளில் விற்கப்படுகின்றன.