149 டாலரில் 450 மெகாஹெர்ட்ஸ்: செலிரான் 300ஏ கதை

கையில் பணம் குறைவு, வேண்டிய வேகமோ அதிகம். பழைய கணினியை மேம்படுத்த நினைக்கும் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 1998-ஆம் ஆண்டில் இதற்கு எதிர்பாராத ஒரு விடை கிடைத்தது. இன்டெல் நிறுவனம் மலிவுக் கணினிகளுக்காகத் தயாரித்த செலிரான் 300ஏ என்ற செயலிதான் அது.

முதல் செலிரானின் தோல்வி

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் 1000 டாலருக்குக் குறைவான கணினிகளுக்கு நல்ல கிராக்கி இருந்தது. அந்தச் சந்தையில் ஏஎம்டி, சைரிக்ஸ் நிறுவனங்களின் மலிவான செயலிகள் இடம் பிடித்தன. இன்டெலின் பென்டியம் 2 விலை அதிகம். எனவே 1998 ஏப்ரலில் 266 மெகாஹெர்ட்ஸ் செலிரானை இன்டெல் வெளியிட்டது. இது பென்டியம் 2 தான். ஆனால் விலையைக் குறைப்பதற்காக அதன் இரண்டாம் நிலை கேஷ் நினைவகத்தை அடியோடு நீக்கிவிட்டார்கள்.

அடிக்கடி தேவைப்படும் தகவல்களைச் செயலிக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பது கேஷின் வேலை. அது இல்லாததால் செலிரான் அலுவலக மென்பொருள்களில் திணறியது. விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள்.

திருத்தம் செய்தபோது நடந்தது

1998 ஆகஸ்டில் வந்த செலிரான் 300ஏ-யில் 128 கிலோபைட் கேஷ் சேர்க்கப்பட்டது. பென்டியம் 2-ல் 512 கிலோபைட் இருந்தது. ஆனால் அது தனிச் சில்லுகளில் இருந்ததால் செயலியின் பாதி வேகத்தில்தான் ஓடியது. செலிரானின் கேஷோ செயலிச் சில்லுக்குள்ளேயே இருந்ததால் முழு வேகத்தில் ஓடியது. அளவில் சிறியது, வேகத்தில் பெரியது!

அடுத்த விஷயம் கணக்கு. ஒரு செயலியின் வேகம் என்பது தாய்ப்பலகை தரும் பஸ் வேகத்தை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி வருவது. 300ஏ-யின் பெருக்கெண் 4.5. பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ். பெருக்கினால் 300. பெருக்கெண்ணை யாரும் மாற்ற முடியாதபடி இன்டெல் பூட்டியிருந்தது. பஸ் வேகம் மட்டும் தாய்ப்பலகையின் கையில் இருந்தது. அதை 100 ஆக்கினால் 450 மெகாஹெர்ட்ஸ்.

அதே ஆகஸ்டில்தான் 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-ம் வெளியானது. மொத்தமாக வாங்குவோருக்கு அதன் விலை 669 டாலர். செலிரான் 300ஏ 149 டாலர். ஓவர்கிளாக்கிங் என்ற சொல் அதுவரை ஒரு சிறு வட்டத்தில் மட்டும் புழங்கியது. இந்தச் செயலிக்குப் பிறகு அது பரவலாகத் தெரிந்த சொல்லாகிவிட்டது.

தாய்ப்பலகையில் இருந்தது சூட்சுமம்

செயலியை மட்டும் வாங்கினால் போதாது. மலிவான 440இஎக்ஸ் சிப்செட் கொண்ட தாய்ப்பலகை 66 மெகாஹெர்ட்ஸுக்காகச் செய்யப்பட்டது. 100 வேண்டுமானால் 440பிஎக்ஸ் தேவை. ஏபிட் நிறுவனத்தின் பிஎச்6 பலகை இதில் புகழ் பெற்றது. பஸ் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் பயாஸ் திரையிலேயே மாற்றலாம் என்பது அதன் சிறப்பு. நினைவகமும் பிசி100 வகையாக இருக்க வேண்டும். நல்ல மின்விசிறியும் அவசியம். சில சில்லுகள் 2.0 வோல்ட்டில் நிலையாக ஓடாமல், சற்றுக் கூட்டினால் ஓடின. சில எப்படியும் 450-ஐ எட்டவில்லை. அப்படிப்பட்டது கையில் வந்தால் யாரிடமும் முறையிட முடியாது.

ஆக, செயலியில் சேமித்தவர் பலகையிலும் நினைவகத்திலும் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றிலும் மலிவானதை வாங்கியவருக்கு 300 தான் கிடைத்தது.

பிறகு

1999-ல் ஏபிட் ஒரே பலகையில் இரண்டு செலிரான்களைப் பொருத்தும் பிபி6-ஐ வெளியிட்டது. இன்டெல்லோ 2001 ஜனவரியில்தான் செலிரானுக்கு 100 மெகாஹெர்ட்ஸ் பஸ் வேகத்தை அதிகாரபூர்வமாகத் தந்தது. 2011-ல் பெருக்கெண் பூட்டாத செயலிகளைக் 'கே' என்ற எழுத்துடன் தனியாக, கூடுதல் விலைக்கு விற்றது. ஒரு காலத்தில் ஓசியில் கிடைத்தது விற்பனைப் பொருளானது.

முடிவுரை

ஒரே தொழிற்சாலையில் பிறந்த சில்லுகள் வெவ்வேறு விலைக்கு விற்கப்படுவது திறமையால் மட்டுமல்ல, சந்தைக்காகவும்தான் என்பதை 300ஏ வாங்குவோருக்கு உணர்த்தியது. விலைப்பட்டியலில் பெரிய எண்ணைத் தேடுவதை விட, எந்தப் பாகம் எந்தப் பாகத்தைத் தடுக்கிறது என்று பார்ப்பதே சிக்கனம். அன்று 149 டாலர் செயலியை 66-லேயே கட்டிப்போட்டது மலிவான ஒரு தாய்ப்பலகைதான்.