பெயரும் பிரயாணமும்

பத்துமலையில் பத்து மலைகள் இல்லை என்பதை அங்கே சென்றோர் யாவரும் அறிவர். மலாய் மொழியில் 'பத்து' என்பது கல்லைக் குறிக்கும் சொல்லாகும். பக்கத்து ஆற்றுக்கு வழங்கிய அப்பெயர் தமிழர் செவியில் எண்ணாகி, 1892 முதல் தைப்பூசம் காணும் தலத்திற்கு நிலைத்துவிட்டது. கிள்ளானை அடுத்த துறைமுகமோ, 1901-ம் வருஷத்தில் ஓர் ஆங்கில அதிகாரியின் பெயரால் போர்ட் சுவெட்டன்ஹாம் எனத் திறக்கப்பெற்று, 1972-ல் போர்ட் கிள்ளான் ஆயிற்று. பெயர் மாறிற்று என்று எந்தக் கப்பலும் அத்துறையை விட்டுத் திரும்பவில்லை. மனிதன் பெயர் மாறி எல்லையில் வந்து நின்றாலோ, 'நீ யார்?' என்ற கேள்வி எழுகிறது. இக்கேள்வி நம்மவர்க்கு எவ்வாறு வந்தது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

நம் பாட்டன்மார் நாகையிலும் சென்னையிலும் கப்பலேறிய காலத்தில், தொழிலாளியின் கைகளே வேண்டப்பட்டன. பெயர் பெரிதாக எண்ணப்படவில்லை. கங்காணியின் ஜாபிதாவில் எழுதுபவர் காதுக்கு எட்டியதே பெயர். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோர்க்கோ தோட்ட அடையாளம் பொறித்த தகரத் துண்டு கொடுக்கப்பட்டது. ஆளைவிட அவன் சேரவேண்டிய தோட்டமே முக்கியம் என்பதன்றோ அதன் பொருள்!

முதல் மகாயுத்தத்திற்குப் பின் நிலைமை மாறியது. 1920-ல் பாரிஸ் நகரில் சர்வதேச சங்கத்தின் சார்பாகக் கூடிய மகாநாடு பாஸ்போர்ட்டுப் புத்தகத்திற்கு ஒரு பொது மாதிரியை வகுத்தது. மலாயாவில் 1948-ம் வருஷத்து அவசரகாலத்தின்போது, 12 வயது நிரம்பிய யாவரும் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை பெறவேண்டுமென்று விதிக்கப்பட்டது. 1953 ஆகஸ்டு முதல் புதிய குடிநுழைவுச் சட்டம் அமலுக்கு வந்து, வெளியார் வரவை இறுக்கிற்று. அதன்பின் ஊருக்குப் போய்வர விரும்பியவனுக்குக் கப்பற் கூலி மட்டும் போதவில்லை. காகிதமும் சரியாயிருக்க வேண்டியதாயிற்று.

அக்காகிதங்களில் நம் பெயரை எழுதியவர் யார்? பெரும்பாலும் தமிழறியாத குமாஸ்தாக்களே. 'தமிழ்ச்செல்வி' என்னும் பெயரிலுள்ள ழகரத்தை ஒருவர் 'எல்' என எழுதுவார். மற்றொருவர் 'இசட்-எச்' என எழுதுவார். தமிழில் ஒரே பெண். ஆங்கில எழுத்தில் இருவர்!

நிற்க. பெயரைத் தாமே மாற்றிக்கொண்டோரும் நம்முள் உண்டு. 1929-ம் வருஷத்துச் செங்கற்பட்டு மகாநாட்டில் ஜாதிப் பட்டங்களை விடவேண்டுமெனத் தீர்மானித்தபின், அநேகர் பெயரின் வாலை அறுத்தெறிந்தனர். மதம் மாறியவரும், மணத்தால் மாறியவரும், இட்ட பெயர் இழிவென்று கண்டு நீக்கியவரும் உளர். தன் பெயரைத் தானே தேர்வது மனிதனின் உரிமை என்பதே நம் கொள்கை.

ஆயினும் எல்லையில் இருப்பவர் கொள்கையைப் பார்ப்பதில்லை, எழுத்தையே பார்க்கிறார். இக்காலத்தில் அதையும் பெரும்பாலும் யந்திரமே படிக்கிறது. பாஸ்போர்ட்டின் அடியிலுள்ள இரண்டு வரிகளில் பெயருக்கென ஒதுக்கப்பட்டவை 39 இடங்கள்தாம். நம் தகப்பன் பெயருக்கு முன் வரும் 'ஏ/எல்', 'ஏ/பி' என்பவற்றின் சாய்கோட்டிற்கு அங்கே இடமேயில்லை. குடும்பப் பெயர் கேட்கும் தேசங்களில் தகப்பன் பெயரே குடும்பப் பெயராகிவிடுவதும் உண்டு. சட்டப்படி மாறிய பெயர் அடையாள அட்டையில் ஒன்றாகவும், பாஸ்போர்ட்டில் வேறொன்றாகவும், விமானச் சீட்டில் மூன்றாவதாகவும் இருப்பின், உண்மையானவனும் பொய்யன்போல் நிற்க நேரிடும்.

ஆகவே பெயரை மாற்றியவர்கள் பாதி வழியில் நின்றுவிடலாகாது. பதிவிலாகாவில் அடையாள அட்டையைத் திருத்தி, அதற்கிசையப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, பழைய பெயரில் பெற்ற விசா இருப்பின் அந்நாட்டுத் தூதரகத்தைக் கேட்டறிந்து, பின்னரே அதே எழுத்தில் சீட்டு வாங்கவேண்டும். பிறப்புப் பத்திரம் பழைய பெயரிலேயே இருப்பின், இரு பெயரும் ஒருவருடையவே எனக் காட்டும் சத்தியப் பிரமாணப் பத்திரத்தைப் பொன்போல் காத்தல் வேண்டும். தோட்டத்துப் பெரியோர்க்குப் படித்த பிள்ளைகள் இவ்வுதவியைச் செய்யக் கடமைப்பட்டவர்கள்.

நம் பாட்டன் பெயரைப் பிறர் எழுதினர். அவர் கைநாட்டு வைத்தார். நாமோ எழுதப் படிக்கக் கற்றோம். நம் பெயரை எல்லா ஏட்டிலும் ஒரே எழுத்தாக நாமே எழுதுவித்தல் அக்கல்வியின் முதற் பயனாகுக.